பஸ்ஸை அடைத்த பெட்டி

என் பேரன் அழுதால் தெருவில் நிறுத்தியிருக்கும் கார்களெல்லாம் திருடன் தொட்டது போல அலற ஆரம்பிக்கும். நம்ப மாட்டீர்கள். நம்பவே வேண்டாம். கார்க்காரர்கள் நம்பினார்கள், ஒவ்வொருவராக அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்கள். எதிர் மாடியில் முட்டையிட்டிருந்த புறா ஒன்று முட்டையை அப்படியே போட்டுவிட்டுக் குடிபெயர்ந்தது. நான் தபால் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டிச் சொல்லுகிற பழக்கம் அந்தத் துறையில் யாருக்கும் கிடையாது.

பிறந்த சில வாரங்களில் ஆரம்பித்தான். காலையில் அழுவான், மத்தியானம் அழுவான், சாயங்காலம் களைத்துப்போய் இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுவான். பால் குடித்தால் அழுகை, குடிக்காவிட்டாலும் அழுகை. டாக்டர் அவனை முன்னும் பின்னும் திருப்பி, வயிற்றைத் தட்டி, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். வாய் அசைந்தது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு கையால் சைகை காட்டினார்: குழந்தைக்கு ஒன்றுமில்லை, தானாகச் சரியாகும். அவன் மூச்சு வாங்குவதற்கு நிறுத்திய இடைவெளியில் அவசரமாக என் மகளைப் பார்த்து, "அவன் தூங்கும்போது நீங்களும் தூங்கிக்கங்கம்மா" என்றார்.

"அவன் எப்ப தூங்குவான் டாக்டர்?" என்று கேட்டாள் மகள்.

அதற்குள் இடைவெளி முடிந்துவிட்டது.

என் மகள் பல் செட் செய்கிறவள். என் வாயில் இருக்கும் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் அவள் கைவேலை. மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் டீயில் உப்புப் போட்டாள். நானும் குடித்தேன், மாப்பிள்ளையும் குடித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அழுவாள், வீட்டில் அழுவதற்கு ஏற்கெனவே ஆள் இருந்தது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் பழுது பார்க்கப் போன கட்டடத்தில் லிஃப்டுக்குள் நின்றபடியே தூங்கிவிட்டார். சாயங்காலம் வரை மேலும் கீழும் போய்வந்திருக்கிறார். ஏறினவர்களெல்லாம் புது லிஃப்ட்மேன் என்று நினைத்து மாடி எண்ணைச் சொல்ல, இவர் தூக்கத்திலேயே பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஒருவர்கூட மாடி மாறி இறங்கவில்லையாம். அந்தக் கட்டடத்தில் இன்றும் அவரைத்தான் கேட்கிறார்கள்.

நாங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் அவள் தூங்கலாமே என்று கேட்பீர்கள். கேட்காத ஆள் இல்லை. ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் பூங்காவுக்கே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மகள் செருப்புகூட இல்லாமல் ஓடி வருகிறாள்.

"என்னம்மா?"

"அவன் அழுதான்பா. எனக்குக் கேட்டுது."

அந்த நேரம் பார்த்து அவன் ஒரு நாயை வேடிக்கை பார்த்துக்கொண்டு வாயை மூடி இருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"காதுக்குள்ள நிக்கவே மாட்டேங்குதுப்பா. அவன் நிறுத்தினாலும் உள்ள அழறான். காது மேல தலையணைய வச்சு அமுக்கிப் பாத்தேன். இன்னும் சத்தமாக் கேக்குது."

நான் என் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தேன்.

அந்தப் பூங்காவிலிருந்து திரும்பும்போதுதான் பஸ் கிடைத்தது. அதாவது, எல்லோருக்கும் கிடைக்கிற பஸ்தான். ஆனால் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். கிழட்டு டீசல் வண்டி. இன்ஜின் பின்பக்கம், சீட்டுக்கு நேர் கீழே. நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் டிரைவர் கடைசி நிறுத்தத்திலும் இன்ஜினை நிறுத்துவதில்லை. வண்டி நிற்கும், இன்ஜின் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் காதுக்கு வராது. சீட்டு வழியாக முதுகுக்கு வந்து, முதுகிலிருந்து தாடைக்கு ஏறும். என் பல் செட் வாய்க்குள் தானாகத் தந்தியடிக்கும். ஒரு முறை அது அடித்த தந்தியைப் பக்கத்து சீட்டுக்காரர் படித்துவிட்டு இறங்கிப்போனார்.

பேரன் தூங்கிப்போனான்.

நான் பயந்துபோய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. மகள் தூங்கவில்லை. எப்போது எழுந்துவிடுவானோ என்று அவன் இமையையே பார்த்துக்கொண்டு, தன் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு எங்களுக்கு அந்த பஸ்தான் வீடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள் திரும்பி உட்கார்ந்து சொன்னார்:

"பெரியவரே, இது அடுத்த வாரம் பழைய இரும்புக்குப் போகுது. பேட்டரி பஸ் வருது. சத்தமே இருக்காது."

"சத்தமே இருக்காதா?"

"பூனை மாதிரி போகும்."

"பூனைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

டிரைவருக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்ட அவள் கை, இறங்கும்வரை அதை விடவில்லை.

பஸ்ஸின் கடைசி நாளன்று ஒரு யோசனை தோன்றியது. என் வயதில் யோசனை தோன்றினால் உடனே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும். டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில், மாப்பிள்ளையின் போனை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னால் போய், மல்லாந்து படுத்து, இன்ஜினுக்கு அடியில் தலையை நீட்டினேன். போனை நெஞ்சின் மேல் வைத்து அந்த உறுமலைப் பதிவு செய்தேன். டீ முடிந்து வந்த டிரைவர் குனிந்து பார்த்தார்.

"பெரியவரே, நீங்க ஏறுறீங்களா, இல்ல நான் ஏத்தட்டுமா?"

"ஒரு நிமிஷம். பஸ்ஸ எடுத்துக்கிட்டிருக்கேன்."

"முழுசா எடுத்துக்கங்க. நாளைக்கு யாருக்கும் வேண்டாம்."

மறுநாள் புது பஸ் வந்தது. சொன்னபடி பூனைதான். கதவு மூடுவதற்குள் பேரன் வாயைத் திறந்துவிட்டான். பின் சீட்டு குடும்பத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஒரு காலை, மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய்விட்டு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு முதலில் வீடு மாறி வந்துவிட்டோமோ என்றுதான் தோன்றியது. சமையலறையில் மகள் பால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தாள்.

"குழந்தை எங்கம்மா?"

"அவனை எங்க வச்சேன்னு தெரியலப்பா."

மிகச் சாதாரணமாகச் சொன்னாள், சாவியைப் பற்றிச் சொல்லுவது போல. நான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குளியலறைக் கதவைத் தட்டினேன். மாப்பிள்ளை சோப்பு நுரையோடு ஓடிவந்தார். துணி வாளி, சோபாவின் பின்புறம், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியின் மூடியை எப்படித் தூக்கினேன் என்பதைப் பற்றி நான் ஒன்றும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. இத்தனை நாள் ஊரைக் கூட்டிய பயல், அவனுடைய அழுகை ஒரே ஒரு தடவை எங்களுக்குத் தேவைப்பட்டபோது வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அலமாரியின் கீழ் இழுப்பறையில், மடித்த போர்வைகளுக்கு நடுவே கிடந்தான். கையை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். இழுப்பறை பாதி மூடியிருந்தது.

மகள் அவனைத் தொடவில்லை. கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்கப்பா. எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்கு."

அன்றிலிருந்து மாப்பிள்ளையும் நானும் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் எப்போதும் அவள் பக்கத்தில். மற்றவர் பஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான வேலையில். பதிவைப் போனிலேயே வைத்துப் பார்த்தோம். வண்டு கத்துவது போல இருந்தது. "மாமா, அந்தச் சத்தத்தைக் காதால கேக்கறதில்ல, முதுகாலதான் கேக்கணும். அதுக்கு சப்வூஃபர் வேணும், அடிச்சத்தம் மட்டும் போடுற ஸ்பீக்கர்" என்றார் மாப்பிள்ளை.

நான் போய் வாங்கிவந்தேன். காருக்குப் போடுகிற ரகம். கையில் தூக்கக்கூடிய சின்னப் பெட்டி, சுற்றிலும் நீல விளக்கு. கடைக்காரர் நெஞ்சில் கைவைத்துக் காட்டி, "இங்க குத்தும் சார்" என்றார். குத்தத்தான் செய்தது. கடன்காரன் கதவைத் தட்டுவது போல தும், தும் என்றது. பேரன் அதற்குத் தாளம் தப்பாமல் அழுதான். அதை ஸ்பீக்கர் பழுது பார்க்கும் ஒருவரிடம் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டும்படி மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்.

அவரைக் கோந்து என்பார்கள். பெட்டி செய்யும்போது ஆணியை நம்பமாட்டார். எல்லா மூட்டையும் கோந்தால்தான் ஒட்டுவார். கடை முழுக்கக் கிழிந்த ஸ்பீக்கர்கள் தட்டு தட்டாகத் தொங்கின. என்னைப் பார்த்து, "என்ன பாட்டு கேப்பீங்க?" என்றார்.

"பாட்டு இல்ல. பஸ்."

"பஸ்ஸா?"

"நின்னுக்கிட்டிருக்கிற பஸ்."

கோந்து கையிலிருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். இழுப்பறையைச் சொல்லும்போது அவர் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு என் நீலவிளக்குப் பெட்டியின் கோனை, சத்தத்துக்கு முன்னும் பின்னும் ஆடுகிற அந்தக் காகிதக் கிண்ணத்தை, கட்டைவிரலால் அழுத்தினார்.

"பாத்தீங்களா, அமுங்கவே மாட்டேங்குது. பெட்டி சின்னது. உள்ள இருக்கிற காத்து ஸ்பிரிங் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. கோன் முன்ன பின்ன போக எடமில்ல. இது குத்தும், ஆழத்துக்கு எறங்காது. நீங்க கேக்கறது ரொம்பக் கீழ இருக்கு."

"அப்ப பெரிய பெட்டி."

"அவசரப்படாதீங்க அண்ணே. சின்னப் பெட்டியா இருக்கணும், ஆழமும் வேணும், சத்தமும் வேணும்னு எல்லாரும் வந்து கேப்பாங்க. மூணும் ஒரே பெட்டியில வராது. ஒண்ணை விட்டுத்தான் ஆகணும். நீங்க எதை விடுறீங்க?"

"சத்தம் எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கு. எடத்தை விடுறேன். சோபாவைத் தூக்கி வெளிய போட்டுடறேன்."

அவர் சிரித்தார். பிறகு மூடின பெட்டியா, காற்று வந்துபோகக் குழாய் வைத்த பெட்டியா என்ற பேச்சு வந்தது. மூடின பெட்டி கீழே போகப்போக மெல்ல, மரியாதையாகக் குரல் தாழும் என்றார். குழாய் வைத்ததோ, அதை எந்த இடத்துக்கு, அதாவது எந்தச் சுருதிக்கு, அளந்து செய்கிறோமோ அந்த இடத்தில் நன்றாகப் பேசும். ஆனால் அதற்குக் கீழே போனால் கோன் கயிறு அறுந்த மாடு மாதிரி. பிடிக்க ஆள் கிடையாது.

"உங்க பஸ் மேல கீழ போகுமா?"

"நிக்கிற பஸ்ஸுங்க."

"அப்ப ஒரே எடம். குழாய்தான்."

ஸ்பீக்கரை அவரே தேர்ந்தெடுத்தார். பரணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கோனின் நடுவில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். 'டொக்' என்று சொன்னதையெல்லாம் ஒதுக்கினார். "இது மேல பாடுறது. விறைப்பா இருக்கும்" என்றார். கடைசியில் சாப்பாட்டுத் தாம்பாளம் அளவுக்கு ஒன்று. தட்டினால் சத்தமே வரவில்லை. கோன் மட்டும் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. சுற்றிலும் இருந்த ரப்பர் என் கன்னம் மாதிரி தொளதொளவென்று இருந்தது. "இதான். இது தானாவே கீழ ஆடுற சாதி" என்றார் கோந்து.

பெட்டியை எங்கள் கூடத்திலேயே செய்தார்கள். கடையில் செய்தால் வாசலில் நுழையாது. உள்ளே எத்தனை காற்று வேண்டும், குழாய் எவ்வளவு நீளம் என்பதை மாப்பிள்ளை கணக்குப் போட்டார். கோந்து கனத்த பிளைவுட்டை அறுத்து, உள்ளே குறுக்கும் நெடுக்கும் சட்டம் கொடுத்தார். சட்டம் இல்லாவிட்டால் பலகையே பேச ஆரம்பித்துவிடுமாம். குழாயை என் தொடை அளவுக்கு அகலமாக வைத்தார். குறுகலாக இருந்தால் காற்று புஸ்புஸ்ஸென்று இரைக்கும். எனக்கும் வேலை கொடுத்தார்கள். பூசின கோந்து காயும்வரை மூட்டு விலகாமல் இருக்கப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் அனுபவத்துக்கும் எடைக்கும் ஏற்ற வேலை. மகள் வாசற்படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையின் அதிர்வில் கோந்து பாதி நேரத்தில் காய்ந்துவிட்டதாகக் கோந்தே சொன்னார். தொழிலில் பொய் சொல்லாதவர் அவர்.

பெட்டி எழுந்து நின்றபோது துணி அலமாரி போல இருந்தது. கூடத்தின் மூலையில் நகர்த்தினோம். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஆழத்தைக் கூட்டுமாம். ஆம்ப்ளிஃபயரை இணைத்தார்கள். மாப்பிள்ளை போனிலிருந்து பஸ்ஸை ஓடவிட்டார்.

கரகர கரகர.

எண்ணெயில் எதையோ பொரிப்பது போல ஒரு சத்தம். கோன் அசையவில்லை. கோந்து ஒலியைக் கூட்டினார். பொரியல் பெரிதாயிற்று. அவர் முகம் கறுத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மெல்லிய காகிதத் துண்டைக் கிழித்து மூட்டுமூட்டாகக் காட்டிக் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை. "என் பெட்டி தப்பு பண்ணாதுண்ணே... என் பெட்டி..." என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நான் டிரைவருக்குப் போன் செய்தேன்.

"பஸ்ஸ இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கணும்."

"நேத்தே வெட்டிட்டாங்க பெரியவரே. சீட்டு மட்டும் கெடக்கு. வேணுமா?"

மகள் எழுந்து வந்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைக் கோனின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வார்த்த பல்லில் பிசிறு தேடுவது போல விரலை நகர்த்திப் பார்த்தாள்.

"பஸ் இதுக்குள்ள இல்லப்பா."

"என்னம்மா சொல்ற? நான்தானே கீழ படுத்து..."

"பெட்டி மேல தப்பில்ல. போன்லயே இல்ல. அது பேச்சு கேக்கறதுக்குச் செஞ்ச மைக். அடியில வர்ற உறுமலைக் காத்து இரைச்சல்னு நெனச்சு வெட்டிடுச்சு. மேல இருக்கிற லொடலொடதான் மிச்சம்."

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். அதாவது, நான் முதுகெல்லாம் எண்ணெயாகி, அந்த வண்டியின் ஓட்டை உடைசலையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்துவந்திருந்தேன். பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டு. ஊரில் அப்படி உறுமிய ஒரே பஸ். இப்போது அது துண்டு துண்டாகக் கிடக்கிறது.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"போதும்பா. என்னை எங்கயாவது ஆஸ்பத்திரில சேத்துடுங்க. நான் அவன்கிட்ட இருக்க வேண்டாம். அன்னிக்கு அந்த இழுப்பறையை மூடினது நான்தான். பாதியில கை நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. அடுத்த தடவ நிக்குமான்னும் தெரியல."

என் பேரன் என் தோளில் கத்திக்கொண்டிருந்தான். கோந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை அவள் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். "போலாம். சாயங்காலம் டாக்டர பாத்துட்டு, அவர் எங்க சொல்றாரோ அங்க போலாம். நானும் வரேன்" என்றார். அவளிடம் அவர் அன்று பேசியது அவ்வளவுதான். பிறகு போனை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன பதிவையே மறுபடி ஓடவிட்டார். இன்னும் மெதுவாக, அதைவிட மெதுவாக. கரகர என்றது கடகட ஆகி, கடைசியில் கட்... கட்... கட்... என்று தனித்தனியாக விழுந்தது. லிஃப்ட் மோட்டாரின் சுற்றை எண்ணிப் பழகினவர். விரலால் தொடையில் தட்டி எண்ணினார்.

"மாமா, உறுமல் இல்லாட்டியும் அதோட அடி இதுல இருக்கு. இன்ஜின் வெடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஏதோ ஒரு தகரம் ஆடியிருக்கு. ஒரு செகண்டுக்கு முப்பது. நமக்கு பஸ்ஸே வேண்டாம். அந்த முப்பது மட்டும் போதும்."

"முப்பதா?" கோந்து திரும்பினார். "நான் குழாய முப்பதுக்குத்தானே வெட்டியிருக்கேன்! நீங்க போட்ட கணக்குதானே?"

"அது குத்துமதிப்பா போட்டது."

"போடுங்க மாப்ள!"

மாப்பிள்ளை போனில் வேறு ஏதோ ஒன்றை இறக்கி, முப்பது என்று எண்ணைக் கொடுத்து, ஒலியை மெல்ல ஏற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. கோன் கொஞ்சம் நடுங்கிவிட்டு அப்படியே நின்றது. அவ்வளவுதான், இதுவும் போயிற்று என்று நினைத்தேன். அப்போது என் வேட்டியோ சட்டையோ ஏதோ ஒன்று படபடத்தது. குனிந்து பார்த்தேன். குழாய் வாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. என் மேல்வரிசைப் பல் கீழ்வரிசையோடு பேச ஆரம்பித்தது.

"கோன் நிக்குது பாருங்க!" கோந்து கத்தினார். "அது நின்னாத்தான் குழாய் பேசுதுன்னு அர்த்தம்! எறங்கிடுச்சுண்ணே, எறங்கிடுச்சு!"

மேசையில் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக எழுந்தது. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கியது. தரை வழியாக, கால் வழியாக, அந்தக் கிழட்டு பஸ் எங்கள் கூடத்துக்குள் வந்து நின்றுவிட்டது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.

என் பேரன் அழுகையை நிறுத்தினான்.

நாங்கள் மூன்று ஆண்களும் மூச்சு விடவில்லை. அவன் கண்ணை அகல விரித்தான். பெட்டியைப் பார்த்தான். கோந்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு இதுவரை அவன் அழுததெல்லாம் ஒத்திகை என்பது போல ஆரம்பித்தான். முப்பது அடியும் அவன் குரலில் ஏறி, குரலே கிடுகிடுவென்று நடுங்கி வந்தது. பஸ்ஸும் இருந்தது, குழந்தையும் இருந்தது, தூக்கம் மட்டும் இல்லை.

கோந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து, ஆம்ப்ளிஃபயரை நிறுத்தக் கையை நீட்டினார்.

"அப்பா."

மகள்தான். பெட்டியின் பக்கவாட்டில் முதுகையும் தலையையும் கொடுத்துக் கால் நீட்டியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை; எதையும் பார்க்கவில்லை.

"உள்ள அழறது நின்னுடுச்சுப்பா."

"என்னம்மா?"

அவள் தலை சரிந்து தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. பேரன் அவள் காதிலிருந்து ஒரு முழ தூரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவள் இமைகூட அசையவில்லை.

நான் மாப்பிள்ளையின் கையில் ஒரு அடி போட்டேன். மாப்பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அவர் திரும்பிப் பார்த்தார், புரிந்துகொண்டார். மூன்று பேரும் திருடர்கள் போல, கத்துகிற குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு, பூனை நடை நடந்து வெளியே வந்தோம். கதவைச் சாத்தும்போது மாப்பிள்ளை தாழ்ப்பாளை விரலால் தாங்கிப் பிடித்துச் சத்தமில்லாமல் போட்டார். உள்ளே ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது; தாழ்ப்பாள் சத்தத்துக்கு அவள் எழுந்துவிடுவாள் என்று பயம்.

தெருவில் நல்ல வெயில். கோந்து படிக்கட்டின் கீழே இருக்கும் மெயின் ஸ்விட்ச் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் நின்று, திரையின் இடுக்கு வழியாக அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தேன்.

நாங்கள் இருப்பது தரைத்தளம். எங்களுக்கு மேலே மூன்று அடுக்கு. அது எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. முதலில் இறங்கி ஓடிவந்தது நேர் மேல்வீட்டுத் தையற்கார அம்மா, கையில் கத்தரிக்கோலோடு.

"பெரியவரே! பாத்திரமெல்லாம் தானா நகருது! சுவரு ஆடுது! என்ன இது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த அம்மா நல்லவள்தான், புரிந்துகொள்வாள். ஆனால் புரிந்துகொள்வதற்கு முன்னால் உள்ளே போய் மகளைத் தட்டி எழுப்பி, "என்னடி கண்ணு ஆச்சு" என்று கேட்டுவிட்டுத்தான் புரிந்துகொள்வாள்.

"நிலநடுக்கம்மா" என்றேன்.

"ஐயையோ!"

"பயப்படாதீங்க. சின்னதுதான். ஆனா நீளமானது. சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

"சாயங்காலம் வரைக்குமா? ரேடியோல சொன்னாங்களா?"

"சொல்லுவாங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

அந்த அம்மா படிக்கட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். அடுக்கடுக்காக இறங்கினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி மீன் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். தண்ணீரில் வட்டம் இருந்ததைத் தானே கண்ணால் பார்த்ததாக எல்லோருக்கும் சாட்சி சொன்னார். இரண்டாம் மாடிப் புதுமணத் தம்பதி ஆளுக்கொரு தலையணையோடு வந்தார்கள். யாரோ ஒருவர் கரன்ட்டை நிறுத்திவிட வேண்டும் என்று மெயின் ஸ்விட்ச் பக்கம் போனார். கோந்து நகரவில்லை.

"தொடாதீங்க. நிலநடுக்கத்துல ஆஃப் பண்ணினா கட்டடம் பிடிமானம் விட்டுடும்" என்றார். தொழிலில் பொய் சொல்லாதவர் என்று முன்னே சொன்னேன். அது அவர் தொழில் இல்லை.

"பாவம், புள்ள பயந்துடுச்சு, எப்படி அழுது பாருங்க" என்று தையற்கார அம்மா கைநீட்டிப் பேரனை வாங்கிக்கொண்டாள். அவள் கை வலித்ததும் நீதிபதி மீன் தொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து புதுமணப் பெண்ணிடம். அவளிடமிருந்து எதிர் வீட்டுக்காரரிடம். இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் அழுததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

"உள்ள யாரும் இல்லியே?" என்று நீதிபதி கேட்டார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"யாரும் இல்ல."

"இன்னும் எவ்வளவு நேரம்தான் ஆடும்?"

நான் மீன் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். மாப்பிள்ளை அங்கிருந்து தலையை மெல்ல ஆட்டினார். தூங்குகிறாள்.

"அந்தக் கண்ணாடி தெரியுதா?" என்றேன். "அது ஆடுற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது."

எல்லோரும் திரும்பி, ஆடுகிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.